இன்ஹெர்தோ: ஒரு சொல், இரண்டு கத்தி

ஸ்பானிஷ் மொழியில் 'இன்ஹெர்தோ' என்று ஒரு சொல் இருக்கிறது. எழுதும்போது நடுவில் 'ஜே' எழுத்து வரும். வாயில் வரும்போது அது தொண்டையை லேசாகச் செருமுவது போல 'ஹ' ஆகிவிடும். டிக்‌ஷனரியைப் புரட்டினால் இதற்கு எண் போட்டுப் பல பொருள்கள் தரப்பட்டிருக்கும். தோட்டக்கலையில் ஒரு செடியின் கிளையை வெட்டி இன்னொரு செடியில் பொருத்துவது இன்ஹெர்தோ. மருத்துவத்தில் உடம்பின் ஓரிடத்துத் தோலையோ எலும்பையோ எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதும் இன்ஹெர்தோ. 'இன்ஹெர்தோ தெ பியெல்' என்றால் தோலுக்குச் செய்வது, 'இன்ஹெர்தோ காபிலார்' என்றால் வழுக்கைத் தலைக்குச் செய்வது.

புதிதாக ஸ்பானிஷ் படிக்கும் மாணவர் இதைப் பார்த்ததும் என்ன செய்வார்? நோட்டில் கோடு போட்டு, ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் இங்கிலீஷ், அதில் '1, 2' என்று எழுதி மனப்பாடம் செய்வார். இப்போது அதற்கு ஆப் கூட வந்துவிட்டது. அட்டை திரும்பும், விடை தெரியும், அடுத்த அட்டை. பரீட்சைக்கு அது போதும். ஆனால் மொழிக்கு அது போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். இன்ஹெர்தோ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் கிடையாது, ஒரே பொருள்தான். ஒரே பரிவர்த்தனையை இரண்டு லெட்ஜரில் எழுதினால் அது இரண்டு பரிவர்த்தனை ஆகிவிடாது, இல்லையா? அதே கணக்குதான்.

சரி, அந்த ஒரே பொருள் என்ன என்று பார்க்கலாம்.

ஒரு மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விதையிலிருந்து முளைத்த ஒரு கன்று, அதுதான் வேர்ச்செடி. அதன் தலையைச் சீவி, நடுவில் பிளந்து, நல்ல ரகத்து மரத்தின் பென்சில் பருமனுள்ள தளிர்த்தண்டை ஆப்பு போலச் செதுக்கி, அந்தப் பிளவில் செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். பட்டைக்குக் கீழே 'கேம்பியம்' என்று ஒரு மெல்லிய வளர்படை உண்டு. மேல் தண்டின் கேம்பியமும் கீழ்த் தண்டின் கேம்பியமும் ஒன்றை ஒன்று தொட வேண்டும். தொட்டால் இரண்டு பக்கமும் புதுத் திசு வளர்ந்து கைகோர்க்கும். பிறகு நீர் போகும் குழாயும் உணவு போகும் குழாயும் இணையும். தொடாவிட்டால் செருகிய தண்டு நாலு நாளில் சருகு.

தீக்காயத்தில் தோல் இழந்தவருக்கு என்ன செய்கிறார்கள்? பெரும்பாலும் தொடையிலிருந்து மிக மெல்லிய தோலைச் சீவி எடுக்கிறார்கள். கனம் ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இருக்காது. அதைக் காயத்தின் மேல் பரப்பி, அசையாதபடி கட்டுகிறார்கள். முதல் ஓரிரு நாள் அந்தத் தோலுக்கு ரத்த ஓட்டமே கிடையாது. கீழே காயத்தில் ஊறும் நீரை உறிஞ்சித்தான் உயிரோடு இருக்கும். அதன்பிறகு காயத்தின் நுண்ணிய ரத்தக்குழாய்களும் தோலின் நுண்ணிய குழாய்களும் ஒன்றை ஒன்று தேடிப் பிடித்து இணைகின்றன. ஒரு வாரத்துக்குள் தோல் வெளிறிய நிறம் மாறிச் சிவந்தால் டாக்டருக்கு நிம்மதி.

இந்த இணைப்புக்கு மருத்துவத்தில் 'இனாஸ்குலேஷன்' என்று பெயர். காட்டில் இரண்டு மரங்களின் கிளைகள் உரசி உரசிப் பட்டை தேய்ந்து, தாமாகவே ஒன்றோடொன்று இணைந்து வளர்வதற்கும் இதே பெயர்தான்! சொல்லின் வேர் லத்தீனில் 'சின்ன வாய்', அதாவது முத்தம். வாயோடு வாய் வைப்பது. மரத்துக்கும் அதுதான், ரத்தக்குழாய்க்கும் அதுதான்.

தோற்றுப்போகும் காரணங்களைப் பாருங்கள், இன்னும் பொருத்தம். ஒட்டு மாங்கன்று ஏன் பட்டுப்போகிறது? கட்டு தளர்ந்து அசைந்திருக்கும், அல்லது வெட்டு வாய் காய்ந்திருக்கும், அல்லது இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்திருக்கும், அல்லது பூஞ்சை வந்திருக்கும். தோல் ஒட்டு ஏன் தோற்கிறது? அசைந்ததால், காய்ந்ததால், அடியில் ரத்தம் தேங்கி இடைவெளி விழுந்ததால், கிருமி வந்ததால். தோட்டக்காரரும் சர்ஜனும் தங்கள் தோல்விகளை ஒரே நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

வழுக்கைத் தலை விஷயத்திலும் இதே கதை. நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1959-ல் வெளியிட்ட கட்டுரையில் ஒன்றைச் சொன்னார்: பிடரியிலிருந்து எடுத்த முடி, உச்சந்தலைக்குப் போனாலும் பிடரி முடியின் குணத்தையே காட்டும், உதிராது. போன இடத்தின் குணம் அதற்கு வராது. இன்று உலகம் முழுக்க நடக்கும் முடி நடும் தொழிலுக்கே இதுதான் அடிப்படை. தோட்டக்காரருக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. புளிப்பு மாங்கன்றின் மேல் பங்கனபள்ளியைக் கட்டினால் மேலே காய்ப்பது பங்கனபள்ளிதானே!

இப்படி இரண்டு துறையும் ஒரே சொல்லைப் புழங்குவது தற்செயலா? இல்லை. இத்தாலியின் போலோன்யா நகரத்தில் காஸ்பரே தாலியகோட்ஸி என்ற சர்ஜன் இருந்தார். வாள்சண்டையிலும் நோயிலும் மூக்கு இழந்தவர்களுக்கு மூக்கு அமைப்பதைப் பற்றி 1597-ல் ஒரு லத்தீன் நூல் வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'இன்ஸிதியோ' என்ற சொல்லைப் போட்டார். ரோமானிய விவசாயிகள் மரத்துக்கு ஒட்டுக் கட்டுவதற்குச் சொல்லி வந்த சொல் அது. மனித உடம்பில் தான் செய்வதை விளக்க அவருக்குத் தோட்டத்தை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

அவர் செய்த முறையைக் கேட்டால் தோட்டக்கலை படித்தவர்கள் சிரித்துவிடுவார்கள். மேல் கையின் தோலை ஒரு பக்கம் மட்டும் கையோடு விட்டுவிட்டு மற்றப் பக்கங்களைப் பிரித்து, அதை மூக்கில் தைத்து, கையை முகத்தோடு சேர்த்து வாரக்கணக்கில் கட்டி வைத்துவிடுவார். மூக்கில் பிடித்துக்கொண்ட பிறகே கையிலிருந்து அறுத்து விடுவார். நம் ஊரில் மாங்கன்றுக்கு நெருக்கு ஒட்டு கட்டுவது இப்படித்தான். தொட்டிக் கன்றைத் தாய்மரத்துக் கிளையின் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து, இரண்டையும் சீவிச் சேர்த்துக் கட்டி, பிடித்த பிறகு கிளையைத் தாய்மரத்திலிருந்து அறுத்து எடுப்பார்கள். அதுவரை கிளைக்குத் தாய்மரம்தான் சாப்பாடு போடும், தாலியகோட்ஸியின் கை போல.

ஆக, டிக்‌ஷனரியின் 1-ம் எண்ணும் 2-ம் எண்ணும் அண்ணன் தம்பி கூட இல்லை, ஒரே ஆள். வெட்டிய உயிர்த்திசுவை இன்னொரு வெட்டில் வைத்து, அசையாமல் காத்து, உயிர் இணையும்வரை பொறுத்திருப்பது இன்ஹெர்தோ. இந்த ஒரு வாக்கியத்தைப் படித்தவருக்கு எண்ணே தேவையில்லை. எலும்புக்கு இன்ஹெர்தோ, பல் ஈறுக்கு இன்ஹெர்தோ, ரோஜாவுக்கு இன்ஹெர்தோ என்று எங்கே பார்த்தாலும் தானாகப் புரியும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வரலாம். தமிழ் மாணவர் ஒருவர் இந்தச் சொல்லை எந்த வழியாகப் படிக்கிறார்? இங்கிலீஷ் வழியாக. இன்ஹெர்தோ என்றால் 'கிராஃப்ட்' என்று எழுதிக்கொள்கிறார். நம் ஊர் இங்கிலீஷ் பேப்பர் படிப்பவருக்குக் கிராஃப்ட் என்றதும் முதலில் என்ன நினைவுக்கு வரும்? லஞ்ச வழக்கு! அமைச்சர் மீது கிராஃப்ட் குற்றச்சாட்டு, அதிகாரி வீட்டில் ரெய்டு. காமர்ஸ் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கவே வேண்டாம். ஸ்பானிஷ் சொல்லில் அப்படி ஒரு வாடையே கிடையாது. இங்கிலீஷ் பாலத்தைக் கடக்கும்போது ஒட்டிக்கொண்ட தூசி அது. போதாக்குறைக்கு அந்த இங்கிலீஷ் சொல்லின் பிறப்புக்கும் ஒட்டுவதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. செதுக்கிய தண்டு பார்க்க எழுத்தாணி போல் இருந்ததால், எழுத்தாணிக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சொல்லை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் செயல் தெரியாது.

இதே மாணவர் நேராகத் தமிழுக்கு வந்திருந்தால்? 'ஒட்டு.' முடிந்தது கதை. ஒட்டு மாங்கன்று, தோல் ஒட்டு. ஸ்பானிஷில் இரண்டு துறைக்கும் ஒரே சொல், தமிழிலும் இரண்டு துறைக்கும் ஒரே சொல். கூட ஒரு ஒற்றுமை பாருங்கள். ஒட்டு வெற்றிகரமாக இணைந்துவிட்டால் ஸ்பானிஷ்காரர்கள் 'பிரெந்தேர்' என்ற வினைச்சொல்லைப் போடுவார்கள். அந்த வினை செடி வேர் பிடிப்பதற்கும் வரும், தீ பிடிப்பதற்கும் வரும், கையால் பிடிப்பதற்கும் வரும், குற்றவாளியைப் பிடிப்பதற்கும் வரும். தமிழில்? வேர் பிடிக்கிறது, தீ பிடிக்கிறது, கையைப் பிடிக்கிறார், போலீஸ் திருடனைப் பிடிக்கிறது, ஒட்டுப் பிடித்துவிட்டது. அச்சு அசலாக அதே வரிசை. இங்கிலீஷில் இந்த நாலைந்துக்கும் வேறு வேறு சொல் தேட வேண்டும். பாலம் என்று நினைத்துப் போனது சுற்றுவழியாக இருக்கிறது.

இதனால் ஸ்பானிஷும் தமிழும் சொந்தக்கார மொழிகள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஏற்கெனவே அந்த மாதிரிக் கட்டுரைகள் உலகத்தில் போதுமான அளவு இருக்கின்றன. சம்பந்தம் மொழியில் இல்லை, வேலையில் இருக்கிறது. வலென்சியாவில் ஆரஞ்சுக்கு ஒட்டுக் கட்டுபவரும் சேலத்தில் மாமரத்துக்கு ஒட்டுக் கட்டுபவரும் கண்ணால் பார்ப்பது ஒன்றே, பயப்படுவதும் ஒன்றுக்கே: பிடிக்குமா, பிடிக்காதா? நாம் இதைத் தமிழ்வழியில் படித்தால் அந்தப் பயமும் சேர்ந்து புரிகிறது.

எல்லா இடத்திலும் தமிழ் வழி ஜெயிக்கும் என்றும் சொல்ல முடியாது. சிறுநீரகம், இதயம் போன்ற முழு உறுப்பை வைப்பதற்கு ஸ்பானிஷில் 'திராஸ்பிளாந்தே' என்பார்கள். நாற்றைப் பிடுங்கி வேறு மண்ணில் நடுவதற்கும் அதே சொல். தமிழில் 'உறுப்பு மாற்று' என்று வைத்துவிட்டோம். பஸ் மாறுவது போல, நோட்டு மாற்றுவது போல இருக்கிறது. நடுவது என்ற உருவம் போய்விட்டது. நட்டால் தண்ணீர் விட வேண்டும், காவல் காக்க வேண்டும், வாழ்நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும் என்பது 'மாற்று' என்ற சொல்லில் வரவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், எந்தச் சொல் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். ஸ்பெயினின் தேசிய உறுப்பு மாற்று அமைப்பு 1989-ல் தொடங்கியது. 1992 முதல் இறந்தவர்களின் உறுப்பு தானத்தில் அந்த நாடு உலகின் முன்னணியில் இருக்கிறது. மருத்துவமனை தோறும் அதற்கென்றே பயிற்சி பெற்ற டாக்டர்களை வைத்ததும், குடும்பத்தாரோடு பொறுமையாகப் பேசியதும்தான் அதற்குக் காரணம், சொல் அல்ல. ஆனால் குடும்பத்தாரோடு பேசும் அந்த நேரத்தில் சொல் புரிவது கொஞ்சமாவது உதவும் அல்லவா?

உருவகத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மரம் அடுத்த மரத்தின் கிளையை உறவுமுறை பார்த்து ஏற்கும். எலுமிச்சை வகைக்குள் எலுமிச்சை வகை பிடிக்கும், தக்காளி உருளைக்கிழங்கின் மேல் கூடப் பிடிக்கும். ஆனால் மனித உடம்பு அண்ணன் தோலைக்கூடத் தம்பியிடம் நிரந்தரமாக ஏற்காது. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கிளாஸ்கோவில் தீக்காய நோயாளியிடம் பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்ஸனும் இதைக் கவனித்து 1943-ல் எழுதினார்கள். சகோதரரின் தோலை முதல்முறை வைத்தபோது சில நாள் தாங்கியது. இரண்டாம் முறை வைத்தபோது இன்னும் வேகமாக அழிந்தது. உடம்பு 'ஞாபகம்' வைத்திருக்கிறது! மாமரத்துக்கு அப்படி ஒரு ஞாபகம் இல்லை. மெடவாருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்குத்தான். முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஒரே கரு இரட்டையர்களுக்குள் நடந்ததற்கும் காரணம் இதுவே.

எலும்பு மஜ்ஜை விஷயத்தில் கதை தலைகீழ். அங்கே வைக்கப்பட்ட ஒட்டு, வைத்த உடம்பையே தாக்கும் ஒரு நோய் உண்டு. ஸ்பானிஷில் அதன் பெயர் 'உவெஸ்பெத்துக்கு எதிரான இன்ஹெர்தோ நோய்'. இந்த உவெஸ்பெத் என்ற சொல்லுக்கு விருந்தாளி என்றும் பொருள், விருந்தோம்புபவர் என்றும் பொருள். பேச்சு வழக்கில் விருந்தாளி, உயிரியலில் இடம் கொடுத்த உடம்பு. விருந்தாளி என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் இந்த நோயின் பெயரைப் படித்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாமல் முழிப்பார். 'ஒரே கூரையின் கீழ் சேர்ந்தவர்கள்' என்ற உறவைப் பிடித்துக்கொண்டவருக்கு வாக்கியமே வழி காட்டிவிடும். நம் பள்ளிப் புத்தகத்தில் இதே பொருளுக்கு 'ஓம்புயிரி' என்று இருக்கிறது, விருந்தோம்பலில் வரும் அதே ஓம்புதல். நல்ல சொல்லை வைத்தவர்கள் வாழ்க.

தோட்டத்திலும் இப்படி ஒரு சோகம் நடந்ததுண்டு. ஸ்பெயினிலும் பிரேசிலிலும் ஆரஞ்சு மரங்களை நார்த்தை போன்ற கசப்பு ஆரஞ்சின் வேரில் ஒட்டி வளர்த்தார்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் ஒரு வைரஸ் வந்தது. தனியாக நின்ற கசப்பு ஆரஞ்சு சாகவில்லை. தன் வேரிலேயே நின்ற இனிப்பு ஆரஞ்சும் சாகவில்லை. இரண்டையும் ஒட்டிய மரங்கள்தான், ஒட்டு வாயில் உணவுக்குழாய் செத்துப்போய், லட்சக்கணக்கில் வாடி விழுந்தன. அந்த நோய்க்கு வைத்த பெயர் 'திரிஸ்தேஸா', அதாவது துக்கம். இதற்கு நேர் எதிராக, 19-ம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற அமெரிக்கப் பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தபோது (ஸ்பெயினின் மலாகாவுக்கு அது வந்தது 1878-ல்), காப்பாற்றியதே ஒட்டுதான். பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரின் மேல் ஐரோப்பியத் திராட்சையைக் கட்டினார்கள். இன்றும் ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைத் தோட்டங்கள் அமெரிக்க வேரில்தான் நிற்கின்றன. ஒட்டாத கொடியை 'பியே ஃபிராங்கோ', சுதந்திரக் கால், என்பார்கள். சிலியிலும் கேனரித் தீவுகளிலும் அவை இன்னும் உண்டு.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு போனஸ்: ஒட்டுக்கு அடியில் நிற்கும் அந்த வேர்ச்செடிக்கு ஸ்பானிஷில் 'பத்ரோன்'. முதலாளிக்கும் பத்ரோன், ஊரைக் காக்கும் புனிதருக்கும் பத்ரோன், தையல்காரரின் அளவு மாதிரிக்கும் பத்ரோன். பணவியல் பாடத்தில் வரும் தங்கத் திட்டத்துக்குப் பெயர் 'பத்ரோன் ஓரோ'. எல்லாவற்றையும் தாங்கி நிற்பது எது, எல்லாவற்றுக்கும் அளவாக இருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள், ஐந்தும் ஒரே சொல்லாகிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எதிர்க்கேள்வி நியாயமாக வரும். "ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவழித்தால் ஐயாயிரம் சொல்லை எப்போது படிப்பது? பரீட்சை அடுத்த மாதம்!" உண்மைதான். எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். மேசைக்கும் நாற்காலிக்கும் அட்டையே போதும். ஆனால் டிக்‌ஷனரி இரண்டுக்கு மேல் எண் போட்ட சொல் வந்தால் மட்டும் ஐந்து நிமிடம் நின்று, "இதில் நடக்கும் செயல் என்ன?" என்று கேட்டால் போதும். அந்த ஐந்து நிமிடம் நஷ்டக் கணக்கில் வராது. 'யேமா' என்றால் செடியின் மொட்டு, முட்டையின் மஞ்சள் கரு, விரல் நுனி என்று மூன்று அட்டை போடுவதற்குப் பதில், மூன்றிலும் இருக்கும் அந்த உருண்ட மென்மையைப் பார்த்தவருக்கு ஒரே அட்டை மிச்சம்... இல்லை, இரண்டு அட்டை மிச்சம்!

இன்னொரு எதிர்க்கேள்வி: "இதெல்லாம் சுவாரசியம்தான், ஆனால் யாருக்கு என்ன நஷ்டம்?" நஷ்டம் இருக்கிறது. 1980-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 18 வயது பேஸ்பால் வீரர் ஒருவரை மயங்கிய நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் 'இந்தொக்ஸிகாதோ' என்ற சொல்லைச் சொன்னார்கள். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, உணவில் ஏதோ விஷம் என்ற பொருளில் சொன்னார்கள். அதைப் போலவே ஒலிக்கும் இங்கிலீஷ் சொல்லுக்குப் போதையில் இருப்பது என்று பொருள். போதை மருந்து அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அதற்கான சிகிச்சை தரப்பட்டது. உண்மையில் அவருக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு. தெரியவந்தபோது கையும் காலும் செயலிழந்துவிட்டன. வழக்கு சுமார் 7 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சமரசமானது. பணம் வந்தது, கால் வரவில்லை. அங்கே மொழியே தெரியாதது பிரச்சினை இல்லை, மொழி தெரியும் என்று நினைத்ததுதான் பிரச்சினை. ஒரு சொல்லுக்கு ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பக்கத்தில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை.

நம் ஊரில் ஸ்பானிஷ் படிப்பவர்களில் பலர் கவிதை படிக்கப் படிப்பதில்லை. வேலைக்குப் படிக்கிறார்கள். கால் சென்டர், மருத்துவ ஆவணம், இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என்று ஏதோ ஒன்றில் போய் உட்காருவார்கள். மறுமுனையில் பேசப்போவது ஒரு தோட்டத் தொழிலாளியாக இருக்கலாம், அவருடைய மனைவிக்குத் தீக்காயமாக இருக்கலாம். 'இன்ஹெர்தோ' என்ற சொல்லைக் கேட்டதும் அந்தத் தொழிலாளிக்கு மனதில் எழுவது அவர் தினமும் கட்டும் கிளை. "அசையாமல் இருந்தால் பிடிக்கும்" என்று அவரிடம் சொன்னால் அவருக்கு அது அறிவுரை இல்லை, அவருடைய சொந்தத் தொழில். இதைப் புரிந்துகொண்டு பேசுபவருக்கும் அட்டையைப் புரட்டிப் பேசுபவருக்கும் அந்தக் குடும்பத்துக்கு வித்தியாசம் தெரியும்.

சொல்லுக்கு இருண்ட பக்கமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 1849-க்கும் 1874-க்கும் இடையே சுமார் ஒரு லட்சம் சீனத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் பெருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்திலும் குவானோ எரு வெட்டும் தீவுகளிலும் வாட்டி எடுத்தார்கள். அவர்களுக்கும் உள்ளூர்ப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளை அங்கே 'இன்ஹெர்தோ' என்று அழைத்தார்கள். மரத்துக்குச் சொன்னால் பாராட்டு, மனிதருக்குச் சொன்னால் 'நீ இந்த வேரில் முளைத்தவன் இல்லை' என்ற குத்தல். மரத்தில் ஒட்டுப் போட்ட இடத்தில் தழும்பு தெரியும், சரி. பிள்ளையிடம் எந்தத் தழும்பைத் தேடினார்கள்? சொல்லை அதன் செயலோடு சேர்த்துப் படித்தவருக்குத்தான், அந்தச் செயல் பொருந்தாத இடத்தில் சொல்லைப் போடுவது எவ்வளவு அநியாயம் என்றும் தெரியும்.

எனவே ஸ்பானிஷோ பிரெஞ்சோ ஜெர்மனோ படிக்கும் நண்பர்களுக்கு ஒரு சின்ன யோசனை. நோட்டில் இரண்டு பத்தி போடும் இடத்தில் மூன்று பத்தி போடுங்கள். முதலில் அந்த மொழிச் சொல். இரண்டாவதில் இங்கிலீஷ், பரீட்சைக்காக, இருந்துவிட்டுப் போகட்டும். மூன்றாவதில் தமிழ். அதிலும் டிக்‌ஷனரித் தமிழ் வேண்டாம், வீட்டில் அந்த வேலையைச் செய்யும்போது சொல்லும் தமிழ். தோட்டத்தில் தாத்தா சொல்வது, சமையலறையில் பாட்டி சொல்வது, தையல் கடையில் அண்ணன் சொல்வது. மூன்றாம் பத்தி பல நேரம் காலியாக இருக்கும். நிரம்பும்போது, அந்தச் சொல் பரீட்சை முடிந்த மறுநாளும் மறக்காது.

மனப்பாடம் என்பது ஈரச் சுவரில் ஒட்டிய போஸ்டர், மழை வந்தால் போய்விடும். ஒட்டுக் கட்டுவதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டுப்பட வேண்டும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். சொல்லும் அப்படித்தான் பிடிக்கும்.